அம்மாவின் விரதமும் என் எக்செல் ஷீட்டும்



சிக்கனம் நல்ல குணம். இதை யாரும் நமக்குப் புதுசா சொல்லித் தர வேண்டாம். ஆனா ஒரு வீடு சிக்கனமா நடக்குதுன்னா, அந்த வீட்ல யாரோ ஒருத்தர் எதையோ விட்டுக்கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். அந்த ஒருத்தர் யாரு? சிக்கனமா இருக்கணும்னு முடிவெடுத்தவரா, இல்ல வேற யாராவதா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படிச்சு வரல. 2024 நவம்பர்ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தப்போ வந்துச்சு. சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா நம்ம வயசுல நிறைய பேர் இப்போதான் வீட்டுப் பொறுப்பைக் கையில எடுத்திருப்பீங்க. அதனால எழுதுறேன்.

பட்ஜெட் போட்ட கதை

எனக்கு 28 வயசு. சென்னையில சாஃப்ட்வேர் வேலை. அப்பா ரிட்டயர் ஆனதும் அப்பா அம்மாவை திண்டுக்கல் பக்கத்துலேருந்து இங்க கூட்டிட்டு வந்துட்டேன். தங்கச்சி இங்கயே காலேஜ் படிக்கிறா. வாடகை வீடு, நாலு பேர்.

அந்த வருஷம் ஜூலை மாசம் ஆஃபீஸ்ல ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுச்சு. என் பேர் எதுலயும் இல்ல. ஆனாலும் ஒரு பயம். ஆறு மாசச் செலவுக்காவது கையில பணம் இருக்கணும்னு தோணுச்சு. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து யுபிஐ கணக்கு முழுக்க எடுத்து எக்செல்ல போட்டேன். மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து ஒரே மாசத்துல 19,400 ரூபாய்!

எங்க போச்சுன்னு பார்த்தா, பெரும்பாலும் நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு சிப்ஸ், ஐஸ்கிரீம், கூல்டிரிங்க்ஸ். பத்து நிமிஷத்துல வீட்டு வாசலுக்கு வந்துடுது. குறைஞ்சபட்ச ஆர்டர் தொகை வரணும்னு இன்னும் ரெண்டு பொருள் கூடப் போட்டுடுவேன். அதெல்லாம் நிறுத்தணும்னு முடிவு பண்ணேன். அந்த முடிவு தப்பே இல்ல. இன்னைக்கும் அதை நிறுத்தினதுக்கு நான் வருத்தப்படல.

ஆகஸ்ட்லேருந்து மாசம் 12,000 ரூபாய்தான் மளிகை பட்ஜெட். பெருசா பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். அம்மாகிட்ட, "இதைத் தாண்டக் கூடாதும்மா, சரியா?"ன்னு கேட்டேன். அம்மா பார்த்துட்டு, "சரிப்பா"ன்னாங்க. அவ்வளவுதான். ஏன்னு அவங்க கேட்கல, நானும் சொல்லல.

ஆகஸ்ட்ல 11,725. செப்டம்பர்ல 11,840. அக்டோபர்ல 11,960. மூணு மாசமும் ஷீட்ல பச்சைக் கலர். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டு, "ஒழுக்கம்தான் முக்கியம் மச்சி"ன்னு அட்வைஸ் வேற பண்ணேன்.

சந்திரனுக்கு மாசக் கடைசி தெரியாது

நவம்பர் 27, புதன்கிழமை. புயல் வரப்போகுதுன்னு சொல்லிட்டு இருந்த நேரம். மழைன்னு வீட்லேருந்தே வேலை பார்த்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்போ எனக்கும் அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் தோசை வந்துச்சு. "அம்மா, நீ சாப்பிடலயா?"ன்னு கேட்டேன்.

"இன்னைக்கு எனக்கு சஷ்டி விரதம்பா. பால் குடிச்சுக்கிறேன்."

சரின்னு ரெண்டாவது தோசையைப் பிச்சுட்டேன். பிச்ச கை அப்படியே நின்னுடுச்சு.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். அந்த வருஷம் சூரசம்ஹாரம் நவம்பர் 7. அம்மா ஆறு நாளும் கந்த சஷ்டி விரதம் இருந்தாங்க, நானும் கூட இருந்தேன். வளர்பிறை சஷ்டி 7-ன்னா, தேய்பிறை சஷ்டி 21 வாக்குல முடிஞ்சிருக்கும். அடுத்த சஷ்டி டிசம்பர் முதல் வாரம். 27-ஆம் தேதி எப்படி சஷ்டி வரும்? கிருத்திகையும் நவம்பர் நடுவுலயே போயிடுச்சு. செவ்வாய்க்கிழமையும் இல்ல.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. அக்டோபர் கடைசி வாரம், "இன்னைக்கு ஒருபொழுதுப்பா". செப்டம்பர் கடைசி வாரம், "தங்கச்சி பரீட்சைக்காக வேண்டிக்கிட்டேன், ராத்திரி சாப்பாடு வேண்டாம்". எப்பவும் மாசக் கடைசி. எப்பவும் 24, 25 தேதிக்கு அப்புறம்.

திதிங்கிறது சந்திரனோட கணக்கு. அது இங்கிலீஷ் மாசத்தைப் பார்த்து வராது, ஒவ்வொரு மாசமும் தேதி நகர்ந்துட்டே இருக்கும். சம்பளத் தேதியைப் பார்த்து வர்ற விரதம் சந்திரனோட விரதம் இல்ல. அது என் எக்செல் ஷீட்டோட விரதம்.

எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாதி வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை, மறுநாள் காபிக்கு ஒரே ஒரு பால் பாக்கெட். அவங்க சொன்ன அந்தப் பால் எங்க? கதவுல 12,000-னு பெருசா என் எழுத்து. நவம்பர் கணக்குல மீதி 140 ரூபாய்.

விலை ஏறுது, மொத்தம் ஏறல

நான் ஒரு இன்ஜினியர். எந்த சிஸ்டத்துலயும் உள்ள போறது மாறி, வெளிய வர்றது மாறாம இருந்தா சந்தேகப்படணும்னு எனக்குத் தெரியும். ஆஃபீஸ்ல சந்தேகப்படுவேன். வீட்ல பச்சைக் கலரைப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

அந்த மூணு மாசத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. நம்ம நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளிநாட்டுலேருந்துதான் வருது. 2024 செப்டம்பர் 14-லேருந்து அதோட இறக்குமதி வரியை மத்திய அரசு ஏத்துச்சு. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு மொத்த வரி 5.5 சதவீதத்துலேருந்து 27.5 ஆச்சு. சுத்திகரிச்ச எண்ணெய்க்கு 13.75-லேருந்து 35.75. கடையில எண்ணெய் விலை ஏறுச்சு. அடுத்து வெங்காயம் ஏறுச்சு. இவ்வளவு ஏறியும் எங்க வீட்டு மொத்தம் 12,000-க்குள்ளயே நிக்குதுன்னா, ஏறினதுக்குச் சமமா எங்கயோ ஏதோ குறைஞ்சிருக்கணும் இல்லையா?

அன்னைக்கு ராத்திரி பால் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஆவின் பச்சை பாக்கெட், அரை லிட்டர் 22 ரூபாய். ஒரு நாளைக்கு மூணு பாக்கெட், 66 ரூபாய். மாசத்துக்கு 1,980. ஆனா ஒவ்வொரு மாசமும் 22-ஆம் தேதிக்கு மேல ரெண்டு பாக்கெட்தான் வந்திருக்கு. அந்த மூணாவது பாக்கெட் அம்மாவோட சாயங்காலக் காபி. அப்பாவுக்கும் எனக்கும் காபி நிக்கவே இல்ல.

கேட்கக் கேட்க இன்னும் வந்துச்சு. கடலை எண்ணெய் வாங்குறதை நிறுத்திட்டு எல்லாத்துக்கும் ரேஷன் பாமாயில். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்குதே. சாமி படத்துக்கு தினமும் வாங்குற பூ, வெள்ளிக்கிழமை மட்டும்னு ஆயிடுச்சு. அப்பா சாயங்காலம் சாப்பிடுற வாழைப்பழத்தை அவரே வேண்டாம்னுட்டார். எதையும் யாரும் என்கிட்ட சொல்லல. ஷீட்ல அதுக்கெல்லாம் காலமே இல்லையே.

இதோட முடியல. சொல்லக் கூச்சமா இருக்கிற விஷயம் இனிமேதான். புரோட்டீன் பவுடர், பீனட் பட்டர், ஓட்ஸ், நல்ல காபிப்பொடி, இதெல்லாம் நான் மளிகையில எழுதவே இல்ல. "ஹெல்த்"னு தனி ஷீட். மாசம் 3,150 ரூபாய். அம்மாவோட காபிக்கான பால் மளிகை, அதனால அதுக்கு வரம்பு உண்டு. என்னோட காபிப்பொடி ஹெல்த், அதனால அதுக்கு வரம்பு கிடையாது! எது மளிகை, எது மளிகை இல்லைன்னு முடிவு பண்ணது யாரு? கணக்கு எழுதின நான்தான். பேனா யார் கையில இருக்கோ, அவங்க தட்டு மட்டும் குறையவே குறையாது.

அம்மா சொன்ன பதில்

"ஏம்மா பொய் சொன்ன?"ன்னு கேட்டுட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அம்மா கோபப்படல. பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "நீ ஒரு நம்பர் எழுதி ஒட்டிட்ட. ஏன்னு சொல்லல. ஆஃபீஸ்ல ஏதோ பிரச்சினை, வேலை போயிடும் போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். புள்ள சொல்ல வெட்கப்படுறான், நாமளும் கேட்டு சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்கு இது புதுசா சாமி? உங்க அப்பா சம்பளத்துல இருபது வருஷம் இப்படித்தானே ஓட்டினேன்."

மூணு மாசமா அம்மா பசியோட மட்டும் இல்ல, பயத்தோடயும் இருந்திருக்காங்க.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இன்னும் என்னை விடல. நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ தெருமுனை அண்ணாச்சி கடையில நோட்டுப் போட்டு கடன். எண்ணெய் நூறு மில்லி, இருநூறு மில்லின்னுதான் வாங்குவோம். மாசக் கடைசியில அம்மா எப்பவும் "நான் அப்பவே சாப்பிட்டேன்"னு சொல்வாங்க. நாங்களும் நம்புவோம். அம்மாவுக்கு பட்ஜெட் போட நான் கத்துக்கொடுக்கல. வரவு செலவு இடிச்சா தன் தட்டைக் குறைச்சு நேர் பண்ற பழக்கம் அவங்க கையிலயே இருக்கு. வறுமை கத்துக்கொடுத்த பழக்கம் அது. நான் சம்பாதிக்க ஆரம்பிச்சதும் அந்தப் பழக்கம் தூங்கிடுச்சு. ஒரு பிரிண்ட் அவுட் ஒட்டி அதை மறுபடியும் எழுப்பிவிட்டேன்.

பொருளாதாரத்துல ஏங்கல் விதின்னு ஒண்ணு உண்டு. மார்க்ஸோட நண்பர் ஏங்கல்ஸ் வேற, இவர் எர்ன்ஸ்ட் ஏங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல் அறிஞர். வருமானம் குறைவா இருக்கிற குடும்பத்துல மொத்தச் செலவுல சாப்பாட்டோட பங்கு அதிகமா இருக்கும்னு 1857-ல எழுதினார். இன்னைக்கும் அது பொருந்துது. 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல கிராமத்துக் குடும்பங்கள் செலவுல சுமார் 47 சதவீதம் உணவுக்குப் போகுது. நகரத்துல சுமார் 40. அதாவது ரொம்பப் பேருக்கு மளிகை பட்ஜெட்ங்கிறது அவங்களா எடுத்துக்கிற ஒழுக்கம் இல்ல, தலையில விழுந்த வரம்பு. அவங்ககிட்ட போய் சிக்கனத்தோட பெருமையைப் பேசுறது அசிங்கம். எனக்கு வரம்பு தேவைப்பட்டது ராத்திரி பதினோரு மணிக்கு. அம்மாவுக்கு எப்பவுமே தேவைப்படல. ஆனா அதைச் சுமந்தது அவங்க.

விரதமும் பட்டினியும்

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. யோசிச்சுட்டே இருந்தேன். அம்மா ஏன் "விரதம்"ங்கிற வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாங்க? ஏன்னா நம்ம வீட்ல சாப்பிடாம இருக்கிறதுக்கு மரியாதையான ஒரே காரணம் அதுதான். விரதம்னு சொன்னா யாரும் மேல கேள்வி கேட்க மாட்டோம். கையெடுத்துக் கும்பிட்டுட்டு நாம சாப்பிட்டுடுவோம்.

ஆனா விரதமும் பட்டினியும் ஒண்ணு இல்ல. வெளியிலேருந்து பார்த்தா ரெண்டுமே காலி வயிறுதான். உள்ள மூணு வித்தியாசம் இருக்கு.

முதல் வித்தியாசம், விரதத்தை நானா எடுத்துக்கணும். எனக்காக இன்னொருத்தர் பசியோட இருந்தா அது என் விரதம் ஆகாது. நான் வரம்பு வெச்சேன், அம்மா பட்டினி கிடந்தாங்க, நான் ஒழுக்கமானவன்னு குரூப்ல பேர் வாங்கினேன். இதை எந்த சாமி ஏத்துக்கும்?

ரெண்டாவது, விரதம் எதுக்குன்னு இருக்கிறவங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு என் பட்ஜெட் எதுக்குன்னே தெரியாது. தெரியாததால பயத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டாங்க. காரணம் சொல்லாத கட்டுப்பாடு, வீட்ல இருக்கிறவங்களுக்கு மிரட்டல் மாதிரிதான் கேட்கும்.

மூணாவது, விரதத்துக்கு முடிவு உண்டு. ஆறு நாள் இருந்தா ஏழாவது நாள் திருக்கல்யாணம், பாரணை, சாப்பாடு. முடிவே இல்லாம ஒவ்வொரு மாசமும் வர்றது விரதம் இல்ல, குறை.

அப்போ பட்ஜெட்டே தப்பா? ஒரு ஃப்ரெண்ட்கிட்ட இதைச் சொன்னப்போ, "அம்மாவுக்குப் போய் கணக்கு பார்ப்பியாடா, கிழிச்சுப் போடு"ன்னான். கேட்க நல்லா இருக்கு. ஆனா நான் ஒத்துக்கல. கணக்கே இல்லாம செலவு பண்ணாலும் யாரோ ஒருத்தர் அதுக்கு விலை கொடுத்துட்டுதான் இருப்பாங்க. இன்னைக்குக் கணக்கு பார்க்காம, நாளைக்கு நிஜமாவே வேலை போனா, முதல்ல யார் தட்டு காலியாகும்? அதே அம்மா தட்டுதான். அளவு வேணும். அந்த அளவு எதுக்குன்னுதான் கேள்வி.

திருக்குறள்ல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வருமானம் சின்னதா இருந்தாலும் செலவு அதை மீறிப் பெருகலைன்னா கேடில்லைன்னு வள்ளுவர் சொல்றார். 478-ஆவது குறள். அது இருக்கிறது வலியறிதல் அதிகாரத்துல, அதாவது தன் பலம் என்னன்னு தெரிஞ்சுக்கிறதைப் பத்தின அதிகாரம். ஆனா அதுக்கு முந்தின குறளைப் பாருங்க. 477. அது கொடுக்கிறதைப் பத்தினது. அளவு அறிஞ்சு கொடுன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் செலவு வரம்புக்கு வர்றார். அளவுங்கிறது பூட்டி வைக்கிறதுக்கு மட்டும் இல்ல, தொடர்ந்து கொடுக்கிறதுக்கும்தான்.

கடைசிப் பந்தி

பழனியில அன்னதானக் கூடத்துல சாப்பிட்டிருப்பீங்க. அங்கயும் அளவு இருக்கு. எத்தனை பேர் வருவாங்க, எவ்வளவு அரிசி போடணும், எவ்வளவு பருப்புன்னு கணக்குப் பார்க்காம அப்படி ஒரு சமையல்கட்டு ஒரு நாள் ஓடாது. ஆனா அந்தக் கணக்கு எதுக்கு? கடைசிப் பந்தியில உட்கார்றவருக்கும் சோறு இருக்கணுமேன்னுதான். முதல் பந்திக்கு எந்தக் கணக்கும் இல்லாமலே சோறு கிடைச்சுடும். அளவு தேவைப்படுறது கடைசி ஆளுக்காக.

நம்ம வீட்ல கடைசிப் பந்தி யாரு? எங்க வீட்ல அம்மா. எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சத்தைப் பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி தன் பசியைத் தீர்மானிக்கிற ஆள்.

அதனால எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். மளிகை பட்ஜெட் ஜெயிச்சுதா இல்லையான்னு ஷீட்டோட மொத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியா சாப்பிடுறவங்க தட்டைப் பார்த்துதான் சொல்லணும். அந்தத் தட்டு நிறைஞ்சு, மொத்தமும் வரம்புக்குள்ள இருந்தா அது சிக்கனம். அந்தத் தட்டு குறைஞ்சு மொத்தம் வரம்புக்குள்ள இருந்தா, அதுக்குப் பேர் வேற.

நாங்க என்ன மாத்தினோம்

தத்துவம் பேசிட்டு விட்டுட்டா நல்லா இருக்காது. டிசம்பர்லேருந்து நாங்க பண்றதையும் சொல்லிடுறேன்.

1. மாசத்தோட கடைசி ஞாயிறு நாலு பேரும் உட்கார்ந்து நம்பரை முடிவு பண்றோம். ஆபத்து எதுவும் இல்ல, சேமிப்புக்காகத்தான்னு முதல் நாளே அம்மாகிட்ட என் பேங்க் பேலன்ஸையே காட்டிட்டேன். இப்போ வரம்பு 14,500. என் "ஹெல்த்" ஷீட்டை அழிச்சு எல்லாத்தையும் இதுக்குள்ளயே கொண்டு வந்தாச்சு. முன்ன 12,000-மும் 3,150-ம் சேர்த்தா 15,150. இப்போ அதை விடக் குறைவு! அம்மா காபியும் இருக்கு, அப்பாவுக்குப் பழமும் இருக்கு.

2. ரூபாய்க்கு முன்னாடி தட்டை எழுதுறோம். பால் தினமும் மூணு பாக்கெட், வாரத்துல மூணு நாள் கீரை, பருப்பு இவ்வளவு, பூஜைக்குப் பூ, கற்பூரம். இந்த வரிகளைத் தொடக் கூடாது. விலை ஏறினா முதல்ல குறையிறது என் நொறுக்குத் தீனி. நம்பர் வெச்சவன் தட்டுலதான் முதல்ல கை வைக்கணும்.

3. ஷீட்ல அளவு தனி காலம், விலை தனி காலம். மொத்தத்தை மட்டும் பார்த்தா பொருள் குறைஞ்சது கண்ணுல படவே படாது. நான் ஏமாந்தது அங்கதான். பாக்கெட்டுக்கும் இதே விதி. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே சைஸ்ல தெரியிற பாக்கெட்ல 850 கிராம், 800 கிராம்னும் வருது. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலைன்னு பாக்கெட்லயே போடணும்னு விதி இருக்கு. எம்ஆர்பி பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்க.

4. "விலை ஏத்தம்"னு 500 ரூபாய் தனி வரி. தேவைப்படலைன்னா அடுத்த மாசத்துக்குப் போகும். வெங்காயம் ஏறினதுக்கு யாரும் ராத்திரி சாப்பாட்டை விட வேண்டாம்.

5. கீரையை மறுபடியும் தெருவுல கூடை கொண்டு வர்ற பாட்டிகிட்டயே வாங்குறோம். கூப்பன் போட்டா ஆப்ல கட்டுக்கு ஆறு ரூபாய் குறையுதுன்னு நடுவுல நிறுத்தியிருந்தேன். ஆறு ரூபாயை நான் மிச்சம் பிடிச்சேன், சரி. யார்கிட்டேருந்து பிடிச்சேன்? அந்தப் பாட்டியும் ஒரு வீட்டோட கடைசிப் பந்திதான்.

6. கடைசி வரி, ஒரு பிடி அரிசி. தினமும் உலை வைக்கும் முன்னாடி ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவுல போடுறது அம்மாவோட பழைய பழக்கம். காஞ்சி மகா பெரியவர் பிடி அரிசித் திட்டம்னு இதை ஊர் ஊரா வலியுறுத்தினார். மூணு மாசமா அந்த டப்பாவும் காலியா இருந்திருக்கு, நான் கவனிக்கல. இப்போ மாசக் கடைசியில பக்கத்துக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துடுறோம். பட்ஜெட்ல இது ஒண்ணுதான் ஏறினாலும் யாரும் கேள்வி கேட்காத வரி.

டிசம்பர்ல 14,310 வந்துச்சு. ஜனவரியில 13,870. பிப்ரவரியில ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்தாங்க, 14,920 ஆயிடுச்சு, வரம்பைத் தாண்டிட்டோம். ஷீட்ல சிவப்புக் கலர். அந்த மாசம் அம்மா சாப்பிடாம இருந்த ராத்திரி ஒண்ணு கூட இல்ல. அந்தச் சிவப்பு, முன்ன வந்த மூணு பச்சையை விட நல்லா இருந்துச்சு.

ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த காகிதத்தை அன்னைக்கே கிழிச்சுட்டேன். அம்மா அந்த இடத்துல முருகன் காலண்டரை மாட்டிட்டாங்க. டிசம்பர் முதல் வாரம் ஒரு நாள் ராத்திரி, "எனக்கு இன்னைக்கு விரதம்பா"ன்னாங்க. நான் ஒண்ணும் பேசாம எழுந்து போய் காலண்டரைப் பார்த்தேன். அம்மா சிரிச்சுட்டாங்க. "நிஜமாவே சஷ்டிடா!"

நிஜமாவே சஷ்டிதான். பாலைக் காய்ச்சி, பழம் நறுக்கி நானே கொண்டு போய்க் கொடுத்தேன்.

நண்பர்களே, உங்க வீட்லயும் பட்ஜெட் இருக்கும். இல்லைன்னா போடுங்க, நல்லது. ஆனா இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் எழுந்து போயிடாம, கடைசியா சாப்பிடுறவங்க பக்கத்துல உட்காருங்க. அவங்க தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. உங்க கணக்கு சரியா தப்பான்னு அங்க தெரிஞ்சுடும்.

உங்க வீட்டுக் கடைசிப் பந்தி யாருன்னு எழுதி அனுப்புங்க. வீட்டுச் செலவைப் பார்த்துக்கிற தம்பி தங்கைகளுக்கும் இதைப் பகிருங்க.

முருகன் துணை.